48 மணி நேரத்தில் ஒரு படம்!

வெள்ளிக்கிழமை மாலை கையில் கதை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மாலை படமே தயார்!

இது மந்திரமா, மாயமா? இரண்டும் இல்லை. உலகில் பல நகரங்களில் நடக்கும் ஒரு போட்டி. கதை எழுதுவது, நடிப்பது, படம் பிடிப்பது, வெட்டி ஒட்டுவது, இசை சேர்ப்பது எல்லாவற்றையும் 48 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். படம் 4 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. 7 நிமிடத்தைத் தாண்டவும் கூடாது.

2001-ம் ஆண்டு அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் இது தொடங்கியது. முன்பே எடுத்து வைத்த படத்தை யாராவது கொண்டு வந்தால்? அதற்கும் வழி செய்திருக்கிறார்கள். ஒரு பாத்திரம், ஒரு பொருள், ஒரு வசனம் ஆகிய மூன்றையும் போட்டி தொடங்கும்போதுதான் சொல்வார்கள். அந்த மூன்றும் எல்லோர் படத்திலும் வந்தாக வேண்டும்!

ஊருக்குள் வந்த படகு

நம் நாட்டிலும் இந்தப் பழக்கம் வந்து விட்டது. கோவா திரைப்பட விழாவில் 2022-ல் 75 இளம் கலைஞர்களுக்கு 53 மணி நேரம் கொடுத்தார்கள். 2023-ல் 48 மணி நேரம். அந்த ஆண்டு பரிசு பெற்ற படத்தில், படகு நிறுத்த இடமில்லை என்று ஒரு மீனவர் படகோடு பனாஜி நகருக்குள் வந்து விடுகிறார். கடலை நம்பிப் பிழைப்பவரின் தவிப்பு அந்த ஒரு படகிலேயே தெரிந்து விடுகிறது அல்லவா?

தமிழர்களுக்கும் அவசரப் படம் புதிதல்ல. 1999-ல் 'சுயம்வரம்' என்ற முழு நீளப் படத்தை 24 மணி நேரத்துக்குள் எடுத்து, கின்னஸ் புத்தகத்தில் இடம் பிடித்தார்கள். அதற்கு 14 டைரக்டர்கள் வேலை செய்தார்கள்! 5 நிமிடப் படத்துக்கு அத்தனை பேர் வேண்டாம். ஒரு செல்போனும் நாலு நண்பர்களும் போதும்.

நம் ஊரில் கதை இல்லையா?

சிவாஜி கணேசன் 1928-ல் பிறந்த ஊர் விழுப்புரம். அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் திண்டிவனம். அதற்குக் கிழக்கே கடலோரத்தில் மரக்காணம். அங்கே உப்பளம் உண்டு, மீனவர் குப்பம் உண்டு. கண்ணீர்க் கதையும் உண்டு.

2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் கள்ளச் சாராயம் பத்துக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலி கொண்டது. குடித்ததில் இருந்தது மெத்தனால். தொழிற்சாலைக்கு உதவும் திரவம் அது. வயிற்றுக்குள் போனால் கண் பார்வையைப் பறிக்கும், உயிரையும் குடிக்கும்.

இதைப் படமாக்க நினைக்கும் இளைஞர்கள் என்ன செய்யலாம்? ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரி, அழுகுரல் எதுவும் வேண்டாம். அவற்றுக்கு நேரமும் இல்லை.

ஒரு வீட்டுத் திண்ணை. அதில் ஒரு கிழிந்த வலை. சிறுவன் ஒருவன் அதைப் பின்னிப் பார்க்கிறான். முடிச்சு விழவில்லை. சொல்லிக் கொடுக்க அப்பா இல்லை. படம் முடிந்தது! 'சாராயம்' என்ற சொல்லே வேண்டாம். பார்க்கிற தகப்பனுக்குச் சுருக்கென்று தைக்கும்.

வெள்ளி இரவே கதையை முடித்து விட வேண்டும். ஒரே இடம், இரண்டு மூன்று பேர் என்றால் சனிக்கிழமை வெளிச்சத்திலேயே எடுத்து விடலாம். கடற்காற்றின் இரைச்சல் வசனத்தை விழுங்கி விடும். பேச்சைக் குறைப்பது நல்லது. ஞாயிறு காலை வெட்டி ஒட்டி, இரண்டு மணி நேரம் மிச்சம் வைத்து முடிக்க வேண்டும். கடைசி நிமிடத்தில் கம்ப்யூட்டர் காலை வாரும்!

அவசரம் யாருக்கு?

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. கடிகாரம் ஓடுவது நமக்குத்தான். துக்க வீட்டுக்கு அல்ல. சனிக்கிழமை காலையில் செல்போனைத் தூக்கிக் கொண்டு போய், "அம்மா, கொஞ்சம் அழுங்கள்" என்று கேட்கலாமா? அது பாவம்!

படம் எடுக்க 48 மணி நேரம் போதும். அந்த வீட்டை அறிந்து கொள்ள அது போதாது. முன்பே பலமுறை போய், அவர்களோடு உட்கார்ந்து, அவர்கள் பேசுவதைக் கேட்டிருக்க வேண்டும். பிறகு பெயரை மாற்றி, வேறு வீட்டில், நடிக்க வந்தவர்களை வைத்துப் படம் பிடிக்கலாம்.

போட்டி முடிந்ததும் படத்தை அந்தக் குப்பத்திலேயே திரை கட்டிக் காட்டுங்கள். "எங்களைக் கேவலப்படுத்தாமல் சொன்னீர்கள்" என்று ஒரு தாய் சொன்னால், அதை விடப் பெரிய பரிசு எது?