தமிழும் சம அகல எழுத்தும்

பெங்களூரில் கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோர் திரையில் காண்பவை பெரும்பாலும் சம அகல எழுத்துக்களே. ஆங்கில ‘ஐ’யும் ‘எம்’மும் அங்கே ஒரே அளவு இடம் கொள்ளும். இவ்வகை எழுத்து இன்று நூலட்டைகளையும் சுவரொட்டிகளையும் அணி செய்கின்றது. இதன் தாயகம் தட்டெழுத்துப் பொறியாகும். ஒவ்வொரு தட்டுக்கும் உருளை ஒரே தொலைவு நகருமாகலின், அங்கே வேறு வழியிருக்கவில்லை.

தமிழிலோ ‘ர’ ஒடுங்கியது, ‘ண’ பரந்தது. குறிகள் வேறு மேலேறி நிற்கும். யாழ்ப்பாணத்தவரான ஆர். முத்தையா தமிழ்த் தட்டெழுத்துப் பொறியை அமைத்தபோது நகரா விசையைக் கையாண்டார். முதலில் புள்ளி விழும், உருளை அசையாது, அதே இடத்தில் ககரம் விழ, ‘க்’ உருவாகும். நுட்பமான தீர்வே!

எனினும் அகலச் சிக்கல் எஞ்சியது. நாலைந்து சொற்கொண்ட தலைப்பிற்குச் சம அகலம் எடுப்பாகவே இருக்கும். நீண்ட பத்திக்கு அது ஏற்றதன்று. கட்டத்துள் அடக்கவேண்டி ‘ண’வின் சுழிகளை நெருக்கினால், ‘பணி’ என்பது ‘பனி’ எனப் படிக்கப்படும்.