மனிதன் நிற்கும் இடம்: ரோபோ வகைப்பாடும் கழிவுநீர்த் தூய்மைப் பணியும்

ஆய்வுச்சுருக்கம்

ரோபோக்கள் பெரும்பாலும் அவற்றின் வடிவத்தைக் கொண்டோ அவை பயன்படும் துறையைக் கொண்டோ வகைப்படுத்தப்படுகின்றன. ஒரு ரோபோ பணியில் இறங்கும்போது அப்பணியை அதுவரை செய்துவந்த மனிதன் எங்கே போகிறான் என்பதை இவ்வகைப்பாடுகள் காட்டுவதில்லை. மனிதன் நிற்கும் இடத்தை அளவுகோலாகக் கொண்டு ரோபோ வகைகளை விளக்குவதும், கழிவுநீர்த் தூய்மைப் பணிக்கென இந்தியாவில் உருவாக்கப்பட்ட கருவிகளை அவ்வளவுகோலால் அணுகுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: ரோபோ, பொறி, தொலைவியக்கம், பாதாளச் சாக்கடை, மலக்குழி, தூய்மைப் பணியாளர்

முன்னுரை

தமிழில் ரோபோவைக் குறிக்க ‘இயந்திர மனிதன்’ என்னும் தொடர் நெடுநாளாக வழங்கிவருகிறது. 2010இல் வெளிவந்த திரைப்படத்திற்குப் பின்னர் ‘எந்திரன்’ என்னும் சொல்லும் பரவலாயிற்று. ‘அன்’ விகுதி பெற்ற இச்சொல் கருவியை உயர்திணை ஆண்பாலாகவே ஆக்கிவிடுகிறது. இரண்டு வழக்குகளும் மனித உருவை முன்னிறுத்துபவை. ஆனால் இன்று உலகில் உழைத்துக்கொண்டிருக்கும் ரோபோக்களில் மிகப் பலவற்றுக்கு முகமும் இல்லை, காலும் இல்லை. தொழிற்சாலைத் தரையோடு பிணைக்கப்பட்ட ஒற்றைக் கை, வீட்டுத் தரையைப் பெருக்கும் வட்டத் தட்டு, நிலவில் ஊர்ந்த ஆறு சக்கர வண்டி ஆகிய யாவும் ரோபோக்களே. சுஜாதா தமது ‘என் இனிய இயந்திரா’ புதினத்தில் ஜீனோவை ஒரு நாயாகப் படைத்தது இவ்வகையில் கருதத்தக்கது. தமிழ் வாசகர் மனத்தில் ஆழமாகப் பதிந்த கற்பனை ரோபோக்களுள் ஒன்று மனித உருவம் கொண்டதன்று.

சொல்லின் வரலாறு

‘ரோபோ’ என்னும் சொல் செக் மொழி நாடகாசிரியர் கரெல் சாபெக் 1920இல் வெளியிட்ட ‘ஆர்.யு.ஆர்.’ என்னும் நாடகத்தின் வழியே உலகமொழிகளுக்குள் நுழைந்தது. அச்சொல்லைத் தமக்குச் சொல்லித் தந்தவர் தம் தமையனாரும் ஓவியருமான யோசெப் சாபெக் என்று அவரே பதிவு செய்துள்ளார். செக் மொழியில் ‘ரொபொத்தா’ என்பது பண்ணையடிமைகள் நிலவுடைமையாளருக்குக் கூலியின்றிச் செய்து தீரவேண்டிய உழைப்பைக் குறித்தது. ஆப்சுபர்க் பேரரசில் 1848இல் ஒழிக்கப்பட்ட கடமை அது. சோழர் காலக் கல்வெட்டுகளில் இதற்கு நிகராக ‘வெட்டி’ என்னும் சொல் ஆளப்பட்டுள்ளது. இன்றைய பேச்சுவழக்கில் ‘வெட்டி வேலை’ என்பது பயனற்ற வேலை என்று பொருள்படுகிறது. பயன் செய்தவனுக்கு இல்லாததால் வேலையே பயனற்றதாயிற்றுப் போலும்.

சாபெக்கின் ரோபோக்கள் உலோகத்தால் ஆனவை அல்ல. உயிர்ப்பொருள் போன்ற ஒன்றைக் கொண்டு தொழிற்சாலையில் உருவாக்கப்பட்ட உடல்கள் அவை. ஆகவே இச்சொல் பிறந்தபோது அதன் உட்பொருளாக இருந்தது எந்திரம் அன்று. பிறர்பொருட்டுக் கட்டாயமாக உழைக்கும் உடல். ‘இயந்திர மனிதன்’ என்னும் மொழிபெயர்ப்பில் உருவம் எஞ்சி உழைப்பு மறைந்துவிட்டது.

தமிழ் இலக்கிய மரபுக்குத் தானே இயங்கும் கருவிகள் புதியவை அல்ல. சிலப்பதிகாரம் மதுரையின் மதில்மேல் அமைந்த போர்ப்பொறிகளை வரிசைப்படுத்துகிறது. சீவக சிந்தாமணியில் விசயை ஏறிச் செல்லும் மயிற்பொறி, விசையை வலப்புறம் திருக மேலெழும், இடப்புறம் திருகத் தரையிறங்கும். உதயணன் கதையில் வரும் யானைப்பொறியோ தன் வயிற்றுக்குள் வீரர்களை ஒளித்து வைத்திருந்தது. இவற்றை இன்றைய ரோபோக்களின் முன்னோடிகள் என்று பெருமை பேசும் கட்டுரைகள் உண்டு, அது தேவையற்றது. இவற்றிலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்க செய்தி வேறு. மயிற்பொறியில் இயக்குபவர் வெளிப்படையாகத் தெரிகிறார். யானைப்பொறியில் மனிதர் மறைக்கப்பட்டுள்ளனர். ஒரு பொறியைப் புரிந்துகொள்ள அதில் மனிதன் எங்கே இருக்கிறான் என்று கேட்பது பயன்தரும் கேள்வி.

வரையறையும் அதன் எல்லையும்

ஐஎஸ்ஓ 8373 என்னும் பன்னாட்டுத் தரநிலை ரோபோக்களைப் பயன்பாட்டு நோக்கில் தொழிலக ரோபோ, சேவை ரோபோ எனப் பிரிக்கிறது. தொழிலக ரோபோ என்பது தானியங்கு முறையில் கட்டுப்படுத்தப்படுவதாகவும், மறுநிரலாக்கம் செய்யத்தக்கதாகவும், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட அச்சுகளில் இயங்குவதாகவும் இருத்தல் வேண்டும். மனிதருக்கோ கருவிகளுக்கோ பயனுள்ள பணியைச் செய்வது சேவை ரோபோ. ஓரளவேனும் தன்னாட்சி உடையதாக இருத்தல் ரோபோவின் பொது இலக்கணம். ‘ஓரளவேனும்’ என்னும் இச்சிறு சொல்லுக்குள்தான் எல்லாச் சிக்கலும் அடங்கியுள்ளது. அந்த அளவுக்கு அப்பால் எஞ்சியிருக்கும் ஆட்சி யாருடையது என்பதைத் தரநிலை பேசுவதில்லை.

வேலிக்கு வெளியே

ஜார்ஜ் டெவோல் வடிவமைத்து, ஜோசப் எங்கல்பெர்கர் வணிகமாக்கிய ‘யூனிமேட்’ 1961இல் அமெரிக்காவின் நியூசெர்சி மாநிலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் பணியில் அமர்த்தப்பட்டது. வார்ப்பு எந்திரத்திலிருந்து சூடான உலோகப் பாகங்களை வெளியே எடுப்பது அதன் முதல் வேலை. மனிதக் கைக்குச் சுடும் வேலையே ரோபோவுக்கு முதலில் தரப்பட்டது என்பது நினைவில் கொள்ளத்தக்கது. பின்னர் வாகனத் தொழிலில் பற்றவைப்பு, வண்ணம் பூசுதல் ஆகியனவும் ரோபோவின் கைக்குச் சென்றன. இவ்வகையில் மனிதன் பாதுகாப்பு வேலிக்கு வெளியே நிற்கிறான். ரோபோ இயங்கும்போது உள்ளே நுழைவது ஆபத்து. வேலியின்றி மனிதனருகே வேலை செய்யும் கூட்டுப்பணி ரோபோக்கள் இந்நூற்றாண்டில் வந்தவை.

வீட்டுக்குள்

2002இல் ஐரோபோட் நிறுவனம் வெளியிட்ட ‘ரூம்பா’ போன்ற தரை பெருக்கிகளில் மனிதன் வெறும் பயனாளி. ஜப்பானில் தகனோரி ஷிபாதா உருவாக்கிய ‘பாரோ’ என்னும் சீல் குட்டி வடிவ ரோபோ, மறதிநோய் கொண்ட முதியோரின் மடியில் இருப்பதற்கென்றே செய்யப்பட்டது. வருடினால் ஒலியெழுப்புவதே அதன் தொழில். சோனி நிறுவனம் 1999இல் விற்பனைக்குக் கொணர்ந்த ‘ஐபோ’ என்னும் ரோபோ நாயின் உற்பத்தி 2006இலும் பழுதுபார்ப்புச் சேவை 2014இலும் நிறுத்தப்பட்டன. அதன்பின் சீபா மாநிலத்தின் இசுமி நகரிலுள்ள புத்தக் கோயில் ஒன்றில் செயலிழந்த ஐபோக்களுக்கு இறுதி வழிபாடு நடைபெற்றது. அவற்றின் பாகங்கள் பிற ஐபோக்களைப் பழுதுபார்க்கப் பயன்பட்டன. உழைக்க வேண்டிய கடமை ஏதுமில்லாத ரோபோவே இத்தகைய மரியாதையைப் பெற்றது என்பது விந்தை.

கைப்பிடியின் மறுமுனையில்

மூன்றாவது வகையில் ரோபோ ஓரிடத்திலும் அதனை இயக்கும் மனிதன் வேறிடத்திலும் உள்ளனர். இதனைத் தொலைவியக்கம் எனலாம். அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு ஒப்புதல் பெற்ற ‘டாவின்சி’ அறுவை அமைப்பு தானாக எதையும் வெட்டுவதில்லை. மருத்துவரின் விரலசைவை அவருக்குச் சில அடி தொலைவிலுள்ள நோயாளியின் உடலுக்குள் நுண்ணசைவாக மாற்றித் தருகிறது. 2011இல் ஃபுகுஷிமா அணுவுலைகள் சிதைந்தபோது கதிர்வீச்சு மிகுந்த கட்டடங்களுக்குள் முதலில் அனுப்பப்பட்டவையும் இவ்வகைக் கருவிகளே. செவ்வாய்க்குச் சென்ற ஊர்திகளில் நிலைமை சற்று மாறுபடும். பூமியிலிருந்து செல்லும் குறிப்பு அங்குச் சேரக் கோள்களின் இருப்பிடத்திற்கேற்ப ஏறத்தாழ 3 முதல் 22 நிமிடங்கள் ஆகும் என்பதால், எதிரே உள்ள பாறையை விலகிச் செல்லும் முடிவை ஊர்தியே எடுக்க வேண்டியுள்ளது. தொலைவு கூடக்கூடத் தன்னாட்சி தேவையாகிறது.

இந்தியாவில் இவ்வகை ரோபோவின் மிக அவசரமான களம் விண்வெளியில் இல்லை. அது தெருவுக்குக் கீழே உள்ளது.

குழிக்குள் இறங்கும் உடல்

பாதாளச் சாக்கடையிலும் மலக்குழியிலும் தேங்கிய கழிவு காற்றின்றி அழுகும்போது ஐதரசன் சல்பைடு, மீத்தேன் முதலிய வாயுக்கள் உண்டாகின்றன, உயிர்வளி குறைகிறது. ஐதரசன் சல்பைடு குறைந்த செறிவில் அழுகிய முட்டையின் நாற்றம் உடையது. செறிவு பத்து இலட்சத்தில் நூறு பங்கு என்னும் அளவை நெருங்கும்போது மோப்ப உணர்வே மரத்துவிடுகிறது. ஆகவே நாற்றம் நின்றுவிட்டது என்பது ஆபத்து நீங்கியதற்கன்றி முற்றியதற்கு அடையாளம். உள்ளே விழுந்தவரைத் தூக்க இறங்குபவரும் மயங்கி விழுவதும், ஒரே குழியில் இருவர் மூவர் இறப்பதும் இதனாலேயே நிகழ்கின்றன. தமிழ்நாட்டில் இப்பணியில் தள்ளப்பட்டோருள் பெரும்பாலோர் அருந்ததியர் உள்ளிட்ட பட்டியல் சாதியினர். சாபெக் எடுத்தாண்ட சொல்லின் மூலப்பொருள் இங்கு உவமையாக இல்லை, நேராகவே பொருந்துகிறது.

2013ஆம் ஆண்டுச் சட்டம் கையால் மலம் அள்ளும் தொழிலாளரைப் பணியமர்த்துவதைத் தடைசெய்ததோடு, சாக்கடை, மலக்குழி ஆகியவற்றின் அபாயகரத் தூய்மைப் பணியையும் தடைசெய்தது. ஆயினும் பாதுகாப்புக் கருவிகளும் முன்னெச்சரிக்கைகளும் இன்றி ஆளை இறக்குவதையே அச்சட்டம் ‘அபாயகரத் தூய்மைப் பணி’ என்று வரையறுக்கிறது. கருவிகள் தரப்பட்டன என்று காகிதத்தில் காட்டிவிட்டால் இறக்குவதற்கு வழி பிறந்துவிடுகிறது. 1993 முதல் இவ்வாறு இறந்தோரின் குடும்பங்களுக்கு 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு தருமாறு 2014இல் ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அத்தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. இழப்பீடு மும்மடங்கானது என்பதே இறப்புகள் நிற்கவில்லை என்பதற்குச் சான்று.

இச்சூழலில் கேரளத்தின் ஜென்ரோபாட்டிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய ‘பாண்டிகூட்’ 2018இல் திருவனந்தபுரத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. அவ்வாண்டே கும்பகோணத்திலும் அது அறிமுகமாயிற்று. இது இரு பகுதிகளை உடையது. ஒன்று குழியின் வாயருகே நிறுத்தப்படும் தாங்கி. மற்றொன்று குழிக்குள் இறங்கிக் கால்களை விரித்துச் சுவரில் ஊன்றிக்கொள்ளும் உடல். அதன் கை கசடை வாரி வாளியில் சேர்க்கிறது. படக்கருவிகள் உள்ளே தெரிவதைத் திரையில் காட்டுகின்றன. உணரிகள் வாயுவின் அளவைச் சொல்கின்றன. திரையைப் பார்த்து அதனை இயக்குபவர் சாலையில் நிற்கிறார். தன்னாட்சி என்னும் அளவுகோலால் நோக்கினால் பாண்டிகூட் எளிய ரோபோ. மனிதன் நிற்கும் இடம் என்னும் அளவுகோலால் நோக்கினால், குழியின் அடியிலிருந்து மேலே சாலைக்கு அவனைக் கொண்டுவரும் சில அடிகளே அதன் முழுச் சாதனை. உயிர் காக்க அவ்வளவு போதும்.

பாதாளச் சாக்கடையின் வாய்க்கு அலுவல் தமிழில் ‘ஆள்நுழைவுக்குழி’ என்று பெயர். ஆங்கிலத்திலும் மனிதன் என்னும் சொல் அதன் பெயரிலேயே உண்டு. 2020இல் ஒன்றிய அரசு அதனை ‘இயந்திரக் குழி’ என்று பொருள்படும் பெயரால் மாற்றி வழங்கப்போவதாக அறிவித்தது. பெயர் மாற்றம் வரவேற்கத்தக்கதே. எனினும் குழியின் அளவும் தெருவின் அகலமும் பெயரோடு சேர்ந்து மாறிவிடுவதில்லை. லாரியில் பொருத்தப்பட்ட உறிஞ்சு கருவிகள் நுழைய முடியாத சந்துகளில்தான் இன்னமும் ஆள் தேடப்படுகிறது.

மேலும், நகராட்சியின் சாக்கடைக்கு வாங்கப்பட்ட ரோபோ தனியார் வீட்டின் மலக்குழிக்கு வருவதில்லை. அங்கு வீட்டுக்காரர் நேரடியாக ஓர் ஆளை அழைக்கிறார். ஒப்பந்தமோ பதிவேடோ இருப்பதில்லை. அடியில் இறுகிய கசடை உறிஞ்சுகுழாய் இழுப்பதில்லை என்பதால் அதனைக் கலக்கிவிட ஆள் இறங்க நேர்கிறது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் பிரபு இராசகோபால் குழுவினர் உருவாக்கிய ‘ஹோமோசெப்’ இந்த ஒரு செயலையே குறிவைக்கிறது. குறுகிய வாய் வழியே உள்ளே சென்று, குடைபோல விரியும் சுழல்தகடுகள் இறுகிய கசடைக் குழம்பாக்குகின்றன. பின்னர் அது உறிஞ்சி வெளியேற்றப்படுகிறது. மனித உருவத்தோடு எவ்வகையிலும் ஒப்பிட இயலாத கருவி இது.

ஹோமோசெப்பில் பொறியியலைக் காட்டிலும் கவனிக்க வேண்டியது அது சேர்ந்த இடமாகும். சஃபாய் கர்மச்சாரி ஆந்தோலன் அமைப்பின் துணையோடு அதன் முதல் இரு கருவிகள், தூய்மைப் பணியின்போது கணவரை இழந்த பெண்கள் தலைமையேற்ற தன்னுதவிக் குழுக்களுக்கு வழங்கப்பட்டன. இங்குத் தொழிலாளர் கைப்பிடியின் மறுமுனையில் நிற்பதோடன்றிக் கருவிக்கும் உரியவராகின்றனர். பாண்டிகூட்டை இயக்கவும் தூய்மைப் பணியாளருக்கே பயிற்சி அளிக்கப்படுகிறது. ஆனால் கருவி நகராட்சிக்கோ ஒப்பந்ததாரருக்கோ உரியது. அதனை இயக்குபவர் நாட்கூலியா, ஒப்பந்தப் பணியாளரா, இயக்குநர் என்னும் பணிநிலை பெற்றவரா என்பதைக் கருவியைப் பார்த்துச் சொல்ல முடியாது. பணி ஆணையைப் பார்த்தே சொல்ல முடியும்.