முத்திரை யாருடையது?

பத்தாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளியான மறுவாரமே நம் வீட்டுத் திண்ணைகளில் துண்டுப் பிரசுரங்கள் வந்து விழத் தொடங்கிவிடுகின்றன. 'அரசாங்க அங்கீகாரம் பெற்றது' என்ற வாசகம் அவற்றுள் பெரும்பாலானவற்றில் காணப்படும். செங்கல், பாறசாலை, தனுவச்சபுரம் வட்டாரத்தில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவும் அந்த ஒரு வாசகத்தை நம்பியே நகையை அடகுக் கடைக்கு அனுப்புகின்றன. வாசகம் பொய் என்று கூற நாம் முன்வரவில்லை. பல இடங்களில் அது மெய்யே. எதற்கு அங்கீகாரம், யார் தந்த அங்கீகாரம் என்பதைத்தான் பிரசுரம் சொல்வதில்லை.

நாம் ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்த்து வருகிறோம். அக்காரணத்தால் வேலை விளம்பரம் எது வந்தாலும் அண்டை அயலார் நம்மிடம் கொண்டுவருவது வழக்கம். சென்ற ஆண்டு ஒரு தாயார் தம் மகனுடன் வந்தார். "தம்பி, நீங்க ரயில்வேயில இருக்கீங்க. இந்த சர்ட்டிபிகேட்டு செல்லுமான்னு பார்த்துச் சொல்லுங்க" என்று ஒரு பத்திரத்தை நீட்டினார். பையன் ஒரு தனியார் தொழிற்பயிற்சி நிலையத்தில் குளிர்சாதனப் பொறி பழுதுபார்க்கும் தொழிலை இரண்டு ஆண்டுகள் பயின்றவன். ரயில் எஞ்சின் உதவி ஓட்டுநர் வேலைக்கு மனுச் செய்ய விரும்பினான். அவ்வேலைக்குப் பத்தாம் வகுப்புடன், தேசியத் தொழிற்பயிற்சிக் குழுவோ மாநிலக் குழுவோ அங்கீகரித்த நிலையத்தில் குறிப்பிட்ட தொழில்களுள் ஒன்றைப் பயின்றிருக்க வேண்டும். அல்லது அதற்கு மேற்பட்ட தொழிற்படிப்பு வேண்டும். பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். நிலையத்தின் முத்திரை இருந்தது. குழுவின் முத்திரை இல்லை. விசாரித்ததில், அந்நிலையம் ஃபிட்டர், எலெக்ட்ரீஷியன் என்னும் இரு தொழில்களுக்கே இணைப்புப் பெற்றிருந்தது தெரியவந்தது. பையன் பயின்ற தொழில் இணைப்பில் சேரவில்லை. "போர்டுல அரசாங்கம்னு எழுதியிருந்துச்சே" என்றார் அத்தாயார். நமக்கு மறுமொழி தோன்றவில்லை.

இவ்விடத்தில் ஏற்பாட்டின் அமைப்பைச் சற்று விளக்குதல் தகும். இந்திய அரசாங்கம் கைவினைஞர் பயிற்சித் திட்டத்தை 1950ல் தொடங்கிற்று. 1956ல் தேசியக் குழு அமைந்தது. இன்று நாட்டிலுள்ள ஐ.டி.ஐ.களில் பாதிக்கும் மேற்பட்டவை தனியாருடையவை. பாடத்திட்டம், தேர்வு, சான்றிதழ் மூன்றும் அரசாங்கத்தின் பொறுப்பு. கட்டடம், கருவிகள், ஆசிரியர் தனியாரின் பொறுப்பு. இணைப்பு என்பது கட்டடத்திற்கு வழங்கப்படுவதன்று. இன்ன தொழிலில் இத்தனை பிரிவுகள், ஒரு பிரிவில் இத்தனை மாணவர் என்று தொழில்வாரியாகக் கணக்கிட்டே வழங்கப்படுகிறது. ஒரே கூரையின் கீழ், ஒரு வகுப்பறைக்கு முத்திரை உண்டு, அடுத்த வகுப்பறைக்கு இல்லை என்பது நடக்கக்கூடியதே. ரயிலில் முன்பதிவுப் பெட்டியில் ஏறிவிட்ட காரணத்தால் மட்டும் படுக்கை நமதாகிவிடுவதில்லை அல்லவா?

அரசாங்கமும் தனியாரும் கைகோத்துக் கல்வி தருவது நம் வட்டாரத்திற்குப் புதியதன்று. தனுவச்சபுரத்தில் 1964ல் தோன்றிய வேலுத்தம்பி நினைவு என்.எஸ்.எஸ். கல்லூரியை நேயர்கள் அறிவர். கல்லூரியை நடத்துவது ஒரு சமுதாய ஸ்தாபனம். ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்தினது. பட்டம் கேரளப் பல்கலைக்கழகத்தினது. இந்த முறை எளிதில் வந்துவிடவில்லை. உதவி பெறும் பள்ளி ஆசிரியரின் சம்பளத்தை அரசாங்கமே நேராகக் கொடுப்பது, அவர் நியமனத்தை ஒழுங்குபடுத்துவது முதலிய ஏற்பாடுகளுடன் 1957ல் கல்வி மந்திரி ஜோசப் முண்டசேரி மசோதா கொண்டுவந்தார். குடியரசுத் தலைவர் அதனைச் சுப்ரீம் கோர்ட்டின் கருத்துக்கு அனுப்ப, 1958 மே மாதத்தில் கருத்து வெளிவந்தது. 1959ல் சட்டம் ஆயிற்று. அதனையொட்டி எழுந்த கிளர்ச்சியில் மந்திரி சபையே அவ்வாண்டு ஜூலை 31ந் தேதி நீக்கப்பட்டது. கல்லூரிகளுக்கு நேரடிச் சம்பள முறை 1972ல்தான் நிர்வாகங்களோடு செய்த உடன்படிக்கையால் வந்தது. சம்பளம் தருபவர் கணக்கும் கேட்பார். ஆகவே அங்கே மாணவன் ஏமாறும் வாய்ப்புக் குறைவு. ஆசிரியர் சம்பளம் முழுதும் மாணவன் தரும் கட்டணத்திலிருந்தே வரும் நிலையங்களில், கணக்குக் கேட்க வேண்டியவர் பெற்றோரே.

பிற்காலத்தில் வந்த கூட்டு முயற்சிகளும் உண்டு. தேசியத் திறன் மேம்பாட்டுக் கழகம் 2008ல் தோன்றியபோது அரசாங்கத்தின் பங்கு 49 சதவீதம், தனியார் பங்கு 51 சதவீதம். 2015 முதல் பிரதம மந்திரியின் திறன் பயிற்சித் திட்டத்தில் பல தனியார் நிலையங்கள் கட்டணமின்றிக் குறுகிய காலப் பயிற்சி தந்திருக்கின்றன. அவற்றை நாம் இகழவில்லை. நம் ரயில்வேயே 2021ல் ரயில் கௌசல் விகாஸ் யோஜனா என்ற பெயரில் சில வாரப் பயிற்சி தொடங்கி, சான்றிதழும் வழங்குகிறது. அதைக் கொண்டு ரயில்வே வேலைக்கு உரிமை கோர முடியாது என்பதையும் ரயில்வேயே தெளிவாக அறிவித்திருக்கிறது. இந்த நேர்மை எல்லாப் பிரசுரங்களிலும் இருந்திருந்தால் இக்கட்டுரைக்கே வேலை இல்லை. ஐ.டி.ஐ. இரண்டாண்டுப் படிப்பும் மூன்று மாதப் பயிற்சியும் ஒன்றல்ல. 2013ல் வகுத்த தேசியத் தகுதிக் கட்டமைப்பில் ஒவ்வொன்றுக்கும் படி உண்டு. எந்தப் படி என்று கேட்டுவிட்டுச் சேர்வது நலம்.

கட்டணம் கட்டுமுன் இணைப்பு ஆணையின் நகலைக் கேளுங்கள். பிள்ளை சேரப்போகும் தொழிலின் பெயரும் பிரிவின் எண்ணிக்கையும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். மத்திய அரசாங்கத்தின் இணையதளத்திலும் நிலையத்தின் பெயரைக் கொடுத்து ஒத்துப் பார்க்கலாம். காட்ட மறுப்பவரிடம் பணம் கொடுக்க வேண்டாம். எல்லையோரத்தில் வாழும் நமக்கு மற்றொன்றும் உண்டு. களியக்காவிளைக்கு அப்பால் படித்து இப்பால் வேலை தேடுவதும், இப்பால் படித்து அப்பால் போவதும் நம் பிள்ளைகளின் தலைவிதி. தேசியக் குழுவின் சான்றிதழ் நாடு முழுவதற்கும் உரியது. ஆகவே இயன்றவரை அதையே நாடுக. நாம் பத்தாம் வகுப்போடு நின்றவர். இதெல்லாம் பத்திரங்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றதே.

அந்தப் பையன் இப்போது தனுவச்சபுரம் அரசாங்க ஐ.டி.ஐ.யில் மீண்டும் முதலாண்டு மாணவன். தன்னைவிட மூன்று நான்கு வயது இளையவர்களுடன் அமர்ந்து படிக்கிறான். தினமும் சைக்கிளில் போய் வருகிறான். இம்முறை சேரும்போது அவன் தாயார் தாமே அலுவலக மேஜைமுன் நின்று, தொழிலின் பெயர் கொண்ட தாளைக் காட்டச் சொல்லிப் பார்த்திருக்கிறார். அதில் எழுதியிருந்தது ஆங்கிலம். அவருக்கு வாசிக்கத் தெரியாது. கைப்பேசியில் படம் எடுத்துவந்து, அன்று மாலையே நம்மிடம் வாசிக்கச் சொன்னார்.