மீசை முகத்தில் நிற்க வேண்டும்: ஏ.ஆர். எஃபெக்ட் செய்யப் பழகுபவர்களுக்கு

செல்போன் கேமராவில் முகத்தைக் காட்டியதும் நாய்க் காது முளைக்கிறதே, அது ஆக்மென்டட் ரியாலிட்டி, சுருக்கமாக ஏ.ஆர். எஃபெக்ட். கேமராவில் தெரியும் நிஜக் காட்சிக்குள் கம்ப்யூட்டர் வரைந்த ஒன்றை, அங்கேயே இருப்பதுபோலப் பொருத்துகிறார்கள். ஸ்னாப்சாட் 2015 செப்டம்பரில் இவற்றை லென்ஸ் என்ற பெயரில் கொண்டுவந்தது. 2017 டிசம்பரில் லென்ஸ் ஸ்டுடியோ மென்பொருளை இலவசமாக வெளியிட்டதும், விண்டோஸ் அல்லது மேக் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் யாரும் செய்து பார்க்கலாம் என்றானது. கோடிங் தெரியாமலே தொடங்கலாம்.

எந்த மென்பொருளைக் கற்பது? இன்ஸ்டாகிராம் எஃபெக்ட்டுகளுக்கு மெட்டாவின் ஸ்பார்க் இருந்தது. 2025 ஜனவரி 14 அன்று மெட்டா அதை மூடியது. வெளியார் அதில் செய்து வெளியிட்டிருந்த எஃபெக்ட்டுகளும் அத்தோடு போய்விட்டன. டிக்டாக்குக்கு எஃபெக்ட் ஹவுஸ் உண்டு, ஆனால் இந்தியாவில் 2020 ஜூன் இறுதியிலிருந்து டிக்டாக்குக்கே தடை. அதனால் இங்கே புதிதாகத் தொடங்குபவர்களுக்கு லென்ஸ் ஸ்டுடியோவைத்தான் சொல்வேன். எந்த பட்டன் எங்கே இருக்கிறது என்று மனப்பாடம் செய்வதில் மட்டும் காலத்தைக் கழிக்க வேண்டாம். மென்பொருள் நாளைக்கே மூடப்படலாம். பொருள் ஏன் முகத்தில் ஒட்டி நிற்கிறது, ஏன் நழுவுகிறது என்று புரிந்துகொண்டவர் அடுத்த மென்பொருளுக்கு எளிதாக மாறிவிடுவார்.

முதல் வேலையாக ஒரு மீசை வைத்துப் பாருங்கள். பின்னணி இல்லாத பி.என்.ஜி. படமாக முறுக்கு மீசை ஒன்றை வரைந்து, மேலுதட்டுக்கு மேலே பொருத்துங்கள். நேராகப் பார்க்கும்வரை கச்சிதமாக இருக்கும். தலையைத் திருப்பினால், கன்னம் வளைந்து போக, மீசை தட்டையாக வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். சிரித்தாலும் அசையாது.

இங்கேதான் ஃபேஸ் மெஷ் வருகிறது. கேமராவின் ஒவ்வொரு ஃபிரேமிலும் மென்பொருள் முகத்தைத் தேடி, கண்ணோரம், மூக்கு நுனி, உதடு என்று புள்ளிகளைக் குறிக்கிறது. கூகுளின் மீடியாபைப் இதற்கு 468 புள்ளிகளைப் பயன்படுத்துகிறது. புள்ளிகளை முக்கோணங்களாக இணைத்தால் முகத்தின் மேல் வலை போர்த்தியதுபோல ஒரு பரப்பு கிடைக்கும். அந்தப் பரப்பை விரித்துவைத்த படம் லென்ஸ் ஸ்டுடியோவோடு கிடைக்கிறது. மீசையை அந்தப் படத்தின் மேல் உரிய இடத்தில் வரைந்தால் போதும், உதடு விரியும்போது மீசையும் விரியும். இந்த வித்தியாசத்தை ஒருமுறை கண்ணால் பார்த்தவருக்குப் பாதிப் பாடம் முடிந்தது.

மீதிப் பாதி, மூக்குக் கண்ணாடி. முப்பரிமாணக் கண்ணாடி ஒன்றைத் தலையோடு பொருத்தித் திரும்பிப் பாருங்கள். தலைக்கு அந்தப் பக்கம் மறைய வேண்டிய காம்பு, முகத்தின் மேலேயே தெரியும். கேமரா தருவது தட்டைப் படம். அதில் தலை ஒரு திடப்பொருள் என்பது மென்பொருளுக்குத் தெரியாது. நாம்தான் சொல்லித்தர வேண்டும். தலை வடிவில், கண்ணுக்குத் தெரியாத ஓர் உருவத்தை அதே இடத்தில் வைக்கிறோம். இதற்கு ஆக்லூடர் என்று பெயர். தான் தெரியாது, பின்னால் இருப்பதை மட்டும் மறைக்கும். தூரத்துக் காம்பு மறைந்த கணத்தில் கண்ணாடி நிஜமாகவே அணிந்ததாகிவிடும். ஏ.ஆர். முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் இதுதான்.

வாயைத் திறந்தால் ஏதாவது நடப்பது, தரையில் பொருளை நிறுத்துவது எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஜாவாஸ்கிரிப்ட் என்ற கோடிங் மொழி அப்போது கைகொடுக்கும்.

கம்ப்யூட்டர் திரையில் ஓடும் மாதிரி வீடியோவை நம்பி யாரும் வெளியிட்டுவிட வேண்டாம். ஸ்னாப்சாட்டோடு இணைத்து, பழைய போனிலும் ட்யூப்லைட் வெளிச்சத்திலும் ஓட்டிப் பாருங்கள். தாடி வைத்தவர், கண்ணாடி போட்டவர், கருத்த நிறத்தவர் என்று பலர் முகத்திலும் பாருங்கள். லென்ஸின் அளவு 8 எம்.பி.க்குள் அடங்க வேண்டும். மீசைக்கு 2048 பிக்சல் படம் வீண், 512 தாராளம்.

தோலை வெளுப்பாக்கி மூக்கைக் கூராக்கும் எஃபெக்ட்டுகளை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அழகு அறுவை சிகிச்சை செய்துகொண்டதுபோலக் காட்டும் எஃபெக்ட்டுகளை நீக்குவதாக 2019 அக்டோபரில் இன்ஸ்டாகிராம் தரப்பே அறிவித்தது. பள்ளிப் பிள்ளைகள் தினமும் முகம் பார்க்கும் இடமாகக் கேமரா மாறிவிட்டது. அவர்கள் நிறத்தை அவர்களுக்கே குறையாகக் காட்டுகிற வேலையை உங்கள் கையால் செய்ய வேண்டாம்.