விலைக்குக் கணக்குச் சொல்லும் கேபர்னே

கேபர்னே சாவின்யோன் என்றதும் பெரும்பாலோருக்கு இரண்டு இடங்கள்தான் நினைவுக்கு வரும். ஒன்று பிரான்ஸின் போர்தோ, மற்றொன்று கலிஃபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கு. அங்கே லஃபீத், ஸ்க்ரீமிங் ஈகிள் போன்ற பெயர்கள் பல நூறு டாலரிலிருந்து சில ஆயிரம் டாலர் வரை விலை போகின்றன. அதே திராட்சையில் அவற்றுக்குச் சற்றும் குறையாத அக்கறையோடு செய்யப்பட்டு, 100 முதல் 250 டாலருக்குள் கிடைக்கும் ஒயின்களும் உண்டு. இதுவும் சின்னத் தொகை இல்லை. ஆனால் இந்தப் பாட்டில்களில் ஒவ்வொரு டாலரும் எங்கே போனது என்று கேட்டால் பதில் இருக்கிறது.

முதலில் செலவுக் கணக்கைப் பார்த்துவிடலாம். நாபாவில் ஒரு டன் கேபர்னே திராட்சை சமீப ஆண்டுகளில் சராசரியாக 8,000 டாலருக்கு மேல் விற்கிறது. ஒரு டன்னில் ஏறக்குறைய 700 பாட்டில் கிடைக்கும். அப்படியென்றால் பாட்டிலுக்குப் பழச்செலவு 11, 12 டாலர். புதிய பிரெஞ்சு ஓக் பீப்பாய் ஒன்று 1,000 டாலருக்குக் குறையாது. அதன் 225 லிட்டரில் 300 பாட்டில் நிரப்பலாம், ஆக பாட்டிலுக்கு மூன்று நான்கு டாலர். கண்ணாடி, தக்கை, ஆள்கூலி, இரண்டு மூன்று ஆண்டு கிடங்கில் வைத்திருக்கும் செலவு, நிலத்துக்கான வட்டி எல்லாவற்றையும் தாராளமாகச் சேர்த்தாலும் 100 டாலரைத் தாண்டுவது கடினம். ஆயிரம் டாலர் பாட்டிலில் மீதித் தொகை பெயருக்கும் தட்டுப்பாட்டுக்கும் போகிறது. ஸ்க்ரீமிங் ஈகிள் ஆண்டுக்குச் சில நூறு பெட்டிகள்தான் வெளிவருகிறது. அதைக் கேட்டுக் காத்திருப்பவர்கள் அதைவிட அதிகம். அது மோசமான ஒயின் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த விலை தோட்டத்தில் பிறந்த விலை ஆகாது.

தோட்டத்தில் பிறக்கும் விலைக்கு நல்ல எடுத்துக்காட்டு, நாபாவிலேயே செயின்ட் ஹெலினா ஊரை ஒட்டியிருக்கும் க்ரோனோஸ் தோட்டம். எட்டு ஏக்கர் அளவுதான். 1971-ல் நட்ட கொடிகள். இதன் சொந்தக்காரரான கேத்தி கோரிசன் தன் பெயரில் ஒயின் செய்யத் தொடங்கியது 1987-ல். இந்த நிலத்தை வாங்கியது 1990களின் நடுவில். திராட்சைக் கொடியை அப்படியே நடுவதில்லை. வேர்ப்பூச்சியைத் தாங்கும் வேறொரு வேர்ச்செடியின் மேல் ஒட்டுக் கட்டித்தான் நடுவார்கள். அந்தக் காலத்து நாபாவில் பரவலாக இருந்த ஏ.எக்ஸ்.ஆர்.1 என்ற வேர்ச்செடி, பில்லாக்சரா பூச்சியிடம் தோற்றுப்போனது. பள்ளத்தாக்கின் பெரும்பகுதியைப் பிடுங்கிவிட்டு மறுபடி நட வேண்டியதாயிற்று. க்ரோனோஸும் அதே வேரில் நிற்கிறது, சீக்கிரம் செத்துவிடும் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். கட்டுப்படியாகிற விலைக்கு அது கிடைத்ததே அதனால்தான். பிறகு பார்த்தால், அந்தக் கொடிகள் செயின்ட் ஜார்ஜ் என்ற உறுதியான வேரில் நின்றன. அதனால் இன்றும் பிழைத்திருக்கின்றன.

ஐம்பது வயதைக் கடந்த கொடி குறைவாகத்தான் காய்க்கும். க்ரோனோஸில் ஏக்கருக்கு ஒன்று, ஒன்றரை டன்தான் கிடைக்கிறது. எந்தக் கணக்காளரும் பிடுங்கச் சொல்லும் விளைச்சல் இது. விலை 200 டாலரை ஒட்டிப் போவதற்குக் காரணமும் இதுவே. கேத்தி கோரிசன் பழத்தை அளவுக்கு மீறிக் கனிய விடுவதில்லை. பக்கத்துத் தோட்டங்களில் ஆல்கஹால் 15 சதவீதத்தைத் தொடும்போதும், இவருடைய ஒயின் பெரும்பாலும் 14-க்குள் நிற்கும். கறுப்புப் பழங்களின் மணத்தோடு ஈரமண், காய்ந்த மூலிகை வாசமும் எழும். குடித்து முடித்த பிறகு நாக்கு களைத்துப்போகாது. நாபாவில் ஒரே ஒரு பாட்டில் வாங்க முடியும் என்றால் நான் இதைத்தான் வாங்கச் சொல்வேன்.

கேபர்னே பழம் நம் பன்னீர் திராட்சையைவிடச் சிறியது. தோல் தடிமன், விதை பெரிது, சாறு குறைவு. தோலிலும் விதையிலும் இருக்கும் துவர்ப்புதான் இளம் ஒயினில் ஈறுகளைப் பிடிக்கிறது. ஒயினைப் பல ஆண்டுகள் தாங்குவதும் அதே துவர்ப்புதான். பழம் கனியாமல் பறித்தால் குடைமிளகாய் வாசம் தூக்கலாக வரும். அதிகம் கனிந்தால் ஜாம்போல இனித்து, ஒரு வருடத்துக்கும் இன்னொரு வருடத்துக்கும் வேறுபாடு தெரியாமல் போகும். நல்ல கேபர்னே இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு குறுகிய இடத்தில் விளைகிறது. அந்த இடத்தைத் தரும் நிலங்கள் உலகில் குறைவு.

தெற்கு ஆஸ்திரேலியாவின் கூனவாரா அப்படி ஒரு நிலம். ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நீளம், இரண்டு கிலோமீட்டருக்கு மேல் போகாத அகலம் கொண்ட செம்மண் பட்டை அது. தோண்டிப் பார்த்தால் சில இடங்களில் அரை மீட்டர்கூட மண் இருக்காது. உடனே வெள்ளைச் சுண்ணாம்புக்கல் வந்துவிடும். செம்மண் நீரை வடித்துவிடுகிறது. அடியிலுள்ள சுண்ணாம்புக்கல் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. தெற்குக் கடலிலிருந்து வரும் குளிர்காற்று பழத்தை அவசரமில்லாமல் கனியவிடுகிறது. 1890களில் இங்கே திராட்சை நடவைத் தொடங்கி வைத்தவர் ஜான் ரிடாக் என்ற ஸ்காட்லாந்துக்காரர். அவர் கட்டிய ஒயின் கூடத்தை 1951-ல் வின் குடும்பம் வாங்கியது. அவர் பெயரிலேயே 1982 முதல் வின்ஸ் நிறுவனம் ஒரு கேபர்னேயைச் செய்து வருகிறது. தங்கள் தோட்டங்களில் மிகச் சிறந்த பழத்தை மட்டும் பொறுக்கி எடுத்துச் செய்வது அது. பழம் தகுதிக்கு வராத ஆண்டில் அந்த ஒயினே கிடையாது. நூறு அமெரிக்க டாலர் சுற்றுவட்டத்தில் இவ்வளவு ஆழமான, இவ்வளவு காலம் தாங்கும் கேபர்னே வேறு எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

கேபர்னே காலம் தாங்கும் என்பதற்கு யாரும் மறுக்க முடியாத சாட்சி ஒன்று உண்டு. 1976 மே 24 அன்று பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் ஏற்பாடு செய்த சுவைப் போட்டியில், பெயர் மறைத்து ஊற்றிய பிரெஞ்சு, கலிஃபோர்னிய சிவப்பு ஒயின்களில் ரிட்ஜ் மாண்டே பெல்லோ 1971 ஐந்தாவதாக வந்தது. முதலிடம் பெற்ற ஸ்டேக்ஸ் லீப் உலகப்புகழ் அடைந்தது. அதே ஒயின்களை 30 ஆண்டு கழித்து, 2006-ல் லண்டனிலும் நாபாவிலும் மறுபடி சுவைத்தபோது மாண்டே பெல்லோ முதலிடத்துக்கு வந்துவிட்டது. சான் ஃபிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே, 1,300 அடியிலிருந்து 2,700 அடி வரை ஏறும் மலைச்சரிவில் விளைவது அது. 1969-ல் ரிட்ஜ் நிறுவனத்தில் சேர்ந்த பால் டிரேப்பர், முடிந்தவரை எதையும் சேர்க்காமல் செய்யும் பழைய முறையை விடாமல் காத்தார். இந்த நிறுவனம் 2011 ஒயின்களிலிருந்து, பாட்டிலில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியலையே பின்பக்க லேபிளில் அச்சிடுகிறது: கையால் பறித்த பழம், இயற்கை ஈஸ்ட், பீப்பாயின் ஓக், தேவையான அளவு சல்ஃபர் டை ஆக்சைடு என்று. சட்டம் கேட்காமலே இதைச் செய்கிறார்கள். விலை 250 டாலரை ஒட்டி வரும். மலையின் அதே கொடிகளில் மாண்டே பெல்லோவுக்கு எடுத்துக்கொள்ளாத பகுதிகள் 'எஸ்டேட் கேபர்னே'யாக வெகு குறைந்த விலைக்கு வருகின்றன. சீக்கிரம் குடிக்க அதுவே நல்லது.

இந்தியாவில் வாங்குபவர்களுக்கு ஒரு செய்தி. வெளிநாட்டு ஒயினுக்கு நீண்ட காலமாக 150 சதவீத இறக்குமதி வரி இருந்தது. 2022 டிசம்பர் 29-ல் நடைமுறைக்கு வந்த ஆஸ்திரேலிய ஒப்பந்தத்தில், பாட்டில் 15 அமெரிக்க டாலருக்கு மேல் இறக்குமதி விலையுள்ள ஒயினுக்கு அது 75 ஆக இறங்கியது. பத்தாண்டுகளில் 25-க்கு வரும். மாநில வரி அதன்மேல் தனி. எனவே இங்கே சொன்ன மூன்று ஒயின்களில் கூனவாராதான் நமக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. வாங்கினால், குளிர்சாதனம் இல்லாத அறையில் வைக்காதீர்கள். நம் ஊர் வெயில் ஒரே கோடையில் ஒயினைக் கெடுத்துவிடும். ஜான் ரிடாக்கைப் பத்து ஆண்டு ஆகும் முன் திறப்பதில் அர்த்தமில்லை. அவசரம் என்றால் இரண்டு மணி நேரம் முன்பே குடுவையில் ஊற்றி வையுங்கள். அவ்வளவு பணம் போட மனம் வராதவர்கள் வின்ஸின் பிளாக் லேபிளில் தொடங்கலாம். 1954-லிருந்து வரும் ஒயின், அதே செம்மண், விலை மூன்றில் ஒரு பங்கு.