எலிகள் சுட்ட கேக்

யப்பானியத் தாய்மார் தலைமுறை தலைமுறையாகத் தம் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டும் சித்திரக் கதை, ‘குரியும் குராவும்’. இதனை எழுதிய நக்ககவா ரியெக்கோ டோக்கியோவில் சிறிய பிள்ளைப் பராமரிப்பு நிலையமொன்றின் ஆசிரியையாக இருந்தவர். படங்கள் அவரது தங்கை யுரிக்கோவுடையவை. 1963இல் தாய்மாருக்கான மாத சஞ்சிகையொன்றில் சிறுகதையாக வந்து, அதே ஆண்டிலேயே சித்திரக் கதையாகியது. தங்கை 2022இலும் தமக்கை 2024இலும் காலமாகினர்.

நிலையத்துப் பிள்ளைகளுக்குப் பான்கேக் வரும் கதையொன்றில் அலாதிப் பிரியம். முட்டை தாராளமாகச் சேர்த்த கேக்கை, கதையிலாவது, அவர்களுக்கு வயிறாரக் கொடுக்க ஆசிரியை விரும்பினார்.

காட்டில் கொட்டை பொறுக்கப் போன இரு வயல் எலிகள் தம்மிலும் பெரிய முட்டையைக் காண்கின்றன. தூக்க முடியாது, உருட்டினால் உடையும். ஆகவே சட்டி, மா, சீனி, பால் எல்லாம் காட்டுக்கே வருகின்றன. ஓட்டை உடைக்கக் கல் தேவைப்படுகிறது. ஏப்ரன் கட்டிச் சமைப்பவை இரண்டும் ஆண் எலிகள் என்பதையும் சகோதரிகள் கவனிக்க!

வாசனைக்கு யானை, சிங்கம், முதலை எல்லாம் வந்து சுற்றி அமர்கின்றன. எவரும் எவரையும் துரத்தவில்லை. எல்லோருக்கும் பங்கு உண்டு. பகிர்ந்துண்ணும்படி ஒரு வரி உபதேசமும் கதையில் இல்லை. நீதி தேடும் பெரியோருக்கு இது குறையாகத் தோன்றலாம். எனக்கு இதுவே அதன் சிறப்பு.

மிஞ்சுவது வெறும் ஓடு. அதைக்கொண்டு எலிகள் என்ன செய்தன என்று புத்தகம் பிள்ளையிடமே கேட்கிறது. வாசிக்கும் தாய் இவ்விடத்தில் நிறுத்தி, பிள்ளையின் பதிலைக் கேட்டபின்பே பக்கத்தைப் புரட்டட்டும். அடுத்த பக்கத்தில் ஓடு காராக ஓடுகிறது.