காணொளிப் பகிர்வுத் தளங்களும் பதிப்புரிமை மீறலும்

பயனர்கள் தாங்களே காணொளிகளை ஏற்றிப் பிறருக்குக் காட்ட உதவும் இணையதளம் காணொளிப் பகிர்வுத் தளம் ஆகும். பிறருக்கு உரிமையான பாடலையோ திரைப்படத்தையோ அனுமதியின்றி ஏற்றுவது பதிப்புரிமை மீறல். இத்தகைய மீறல்களும் அவற்றால் எழுந்த வழக்குகளுமே இத்தளங்களின் இன்றைய விதிகள் பலவற்றுக்குக் காரணம்.

வழக்குகளும் விளைவுகளும்

2005 இல் தொடங்கிய யூடியூபை அடுத்த ஆண்டே கூகுள் 165 கோடி டாலருக்கு வாங்கியது. 2007 இல் வயாகாம் நிறுவனம் 100 கோடி டாலர் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தது. அதே ஆண்டில் யூடியூப் 'கன்டென்ட் ஐடி' முறையைக் கொண்டுவந்தது. உரிமையாளர் கொடுத்த பதிவுடன் புதிய காணொளிகளை இயந்திரம் ஒப்பிடும். இரண்டும் ஒத்திருந்தால் உரிமையாளர் காணொளியைத் தடுக்கலாம். அல்லது விளம்பர வருவாயைத் தாம் பெறலாம்.

இந்தியாவில் டி-சீரிஸ் நிறுவனம் மைஸ்பேஸ் தளத்தின்மீது வழக்குத் தொடுத்தது. மீறிய படைப்பு இன்னதெனக் குறிப்பிட்டுத் தெரிவித்த பிறகும் நீக்காவிட்டால்தான் தளம் பொறுப்பாகும் என்ற கருத்தில் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு 2016 இல் தீர்ப்பளித்தது.

காரைக்குடி தரும் பாடம்

'நாம் இருவர்' (1947) திரைப்படத்தைக் காரைக்குடியில் எடுத்த ஏ.வி. மெய்யப்பன், பாரதியார் பாடல்களின் இசைத்தட்டு உரிமையை வைத்திருந்தார். 1949 இல் சென்னை மாகாண அரசு பாரதியாரின் படைப்புரிமையைப் பெற்றது. பின்னர் அது மக்களுக்குப் பொதுவாயிற்று.

ஆகவே பாரதியார் பாடலை யாரும் பாடி ஏற்றலாம். ஆனால் பாடல் வரி, இசையமைப்பு, ஒலிப்பதிவு ஆகிய மூன்றுக்கும் சட்டத்தில் தனித்தனி உரிமை உண்டு. ஒரு நிறுவனம் அண்மையில் வெளியிட்ட பதிவை ஒலிக்கவிட்டு ஆடினால், வரிகள் பொதுச்சொத்தாக இருந்தும் அந்தப் பதிவுக்கு அனுமதி வேண்டும்.

பள்ளி ஆண்டுவிழா

ஆசிரியர், மாணவர், பெற்றோர் மட்டும் கூடிய அவையில் பதிவுசெய்த பாடலை ஒலிக்கவிட 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52 ஆவது பிரிவு இடம் தருகிறது. அதே நிகழ்ச்சியை இணையத்தில் ஏற்றினால் அவை உலகளவு விரிந்துவிடும். அந்த விலக்கு அதற்குப் பொருந்தாது.

இயந்திரம் ஒற்றுமையைத்தான் காணும், அனுமதியை அறியாது. எனவே நேர்மையான காணொளியும் சிக்கலாம். அப்போது அஞ்சி நீக்கிவிட வேண்டியதில்லை. தளத்திலேயே மறுப்பைப் பதிவு செய்யலாம். மாணவர்கள் தாமே பாடி வாசித்துப் பதிவு செய்வதும், பெற்ற அனுமதியை எழுத்தில் வைத்திருப்பதும் அந்த மறுப்புக்கு வலுச் சேர்க்கும்.